மலையேற்றக் குழு: தடையா, பயிற்சியா?

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பேச என்னைப் போட்டிருக்கிறார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். யாராவது கண்ணயர்ந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான்கு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் நானும் செய்தேன் என்பது இங்கே இருக்கிற பேராசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

என் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். ஆனால் இந்த வருஷம் மாணவர் பிரதிநிதிகள் நம் சங்கத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். 2018-இல் நிறுத்தப்பட்ட கல்லூரி மலையேற்றக் குழுவை மறுபடி தொடங்க வேண்டும், அதற்குப் பழைய மாணவர்கள் துணை நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். செயற்குழுவில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். "பிள்ளைங்க படிக்க வந்திருக்காங்க, நமக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என்று ஒரு மூத்த அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில், குழு ஏன் நின்றது என்பதை நினைவுபடுத்திவிடுகிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி காப்புக்காடு. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கேயே சிலரும், பிறகு மருத்துவமனைகளில் பலரும் என்று 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். படித்து, வேலைக்குப் போய், வாரக் கடைசியில் கொஞ்சம் பச்சையைப் பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள். நம்மைப் போன்றவர்கள் என்று சொன்னால் போதும்.

அன்று ராத்திரி என் அம்மா போன் பண்ணினார்கள். எடுத்ததும், "எங்கடா இருக்கே?" என்றுதான் கேட்டார்கள். "வீட்லதாம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர்களால் பேச முடியவில்லை. அன்றைக்குச் சென்னையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிப் போன் வந்திருக்கும். எடுக்க முடியாமல் போன போன்களும் இருந்தன. அந்த வாரமே நம் கல்லூரிக் குழு நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது என்ன நடக்கிறது என்று விடுதி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். குழு இல்லையே தவிர, போவது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நான்கு பைக்கில் எட்டுப் பேர் கிளம்புகிறார்கள். எங்கே போகிறோம் என்று வார்டனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. வழி கேட்பது யாரிடம்? யாரோ எடுத்துப் போட்ட வீடியோவிடம். மாணவர் போவதை நம் தடை நிறுத்தவில்லை. நமக்குத் தெரிந்து போனவர்கள் இப்போது தெரியாமல் போகிறார்கள், அவ்வளவுதான்.

அதே குரங்கணி மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இன்ஜினீயர்கள் நிறைந்த சபை, இது உங்களுக்குப் பிடிக்கும். 1902-இல் மூணாறுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலையைக் கொண்டுபோக ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். அதை இழுத்தது காளை மாடு. 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலப் பாதையில் சிறு ரயில் விட்டார்கள். அந்த ரயில் வந்து நின்ற மலை விளிம்புக்குத்தான் டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டக்குடிக்கு இறங்கின. பிறகு வண்டிப் பாதையில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. ஸ்டேஷன் போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன்? நாம் 'ட்ரெக்கிங்' என்று பெயர் வைத்து, ஷூ வாங்கி, பை வாங்கிப் போகிற அந்த மலைவழிகள், அங்கே இருக்கிறவர்களுக்கு வேலைக்குப் போகும் வழி. தோட்டத் தொழிலாளிகள், சுமைக்காரர்கள், பழங்குடி மக்கள், சந்தைக்குப் போகும் பெண்கள் எல்லாம் தலைச்சுமையோடு தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய மலை அது. அவர்களில் யாரும் அதைச் சாகசம் என்று சொல்லிக்கொண்டதில்லை. எந்த மாசத்தில் எந்தச் சரிவில் புல் காயும், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், காட்டுமாடு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மேயும் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. நாம் போகிற இடத்தின் ஆபத்தில் பாதி மலையில் இல்லை, நம் தெரியாமையில் இருக்கிறது.

2016 ஜனவரியில் நாங்கள் ஒன்பது நண்பர்கள் குரங்கணிக்குப் போனோம். வனத்துறையில் அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போனோம். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் எஸ்டேட்டுக்குச் சுமை தூக்கியவர். சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற இடம் வரை ஏறிவிட்டு அன்றே திரும்புவது திட்டம். பாதி வழியில் ஒரு நண்பனுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். மணி ஒன்று ஆனதும் வழிகாட்டி நின்றுவிட்டார்.

"இத்தோட எறங்கிருவோம் தம்பி" என்றார்.

"இன்னும் முக்கால் மணி நேரம்தானேண்ணே! டார்ச் இருக்குல்ல?" என்று ஒருவன் வாதாடினான்.

அவர் சிரித்தார். "ஏத்தத்துக்கு மூச்சு இருந்தாப் போதும் தம்பி, எறக்கத்துக்கு வெளிச்சம் வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவர் பின்னால் போவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. இருட்டுவதற்குள் குரங்கணி டீக்கடையில் உட்கார்ந்து சூடாக வடை சாப்பிட்டோம். வாதாடியவன்தான் ஆறு வடை சாப்பிட்டான். அவன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் ஒரு வரியில் சொன்னதை நாம் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு சூத்திரம் சொன்னார். சமதரையில் ஒரு மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள் என்றார். 12 கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிஷம், ஏற்றத்துக்கு 2 மணி, ஆக 4 மணி 24 நிமிஷம். இது நல்ல பழக்கம் உள்ளவன் நிற்காமல் நடந்தால். நம் வெயில், முதுகுச் சுமை, பழக்கமில்லாத கால்கள், போட்டோ எடுக்க நிற்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு போடுங்கள். 6 மணி 36 நிமிஷம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 12:36. "டிபன் சாப்டுட்டு நிதானமா போலாம்டா" என்று 9 மணிக்குக் கிளம்பினால் மாலை 3:36. மலை இடுக்குகளில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். அதற்குமேல் இறங்க வெளிச்சம் எங்கே?

இப்போது தீயைப் பற்றி. இது நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பெரியவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

சமதரையில் தீ எரியும்போது அதன் நாக்கு மேல்நோக்கி நிற்கும். சரிவில் எரியும்போது அந்த நாக்கு மேட்டுப் பக்கத்துப் புல்லுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. தீ வருவதற்கு முன்பே அதன் வெப்பம் மேலே இருக்கிற புல்லைக் காயவைத்துத் தயார் செய்துவிடுகிறது. பகலில் மலைச்சரிவில் காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு. 30 டிகிரியில் எட்டு மடங்கு. மனிதன் மேடேற ஏற மெதுவாவான், தீ மேடேற ஏற வேகமாகும். அதனால் கீழே தீயைப் பார்த்துவிட்டு மேலே ஓடுவது ஜெயிக்க முடியாத பந்தயம்.

வேறு என்ன செய்வது? பள்ளத்தாக்கு இடுக்குகளுக்குள் போகக் கூடாது. அவை புகைபோக்கி மாதிரி வெப்பத்தை இழுக்கும். புல் இல்லாத பாறை, தண்ணீருள்ள அகலமான ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகி அடங்கிய இடம், இவைதான் அடைக்கலம். ஒருமுறை எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இல்லை. சிதறி ஓடாமல் வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். உடையும் முக்கியம். நைலான், பாலியஸ்டர் சட்டைகள் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்தி எவ்வளவோ மேல். இவையெல்லாம் கடைசிக் கட்டத்துக்கான வழிகள். முதல் வழி, தீக்காலத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. நம் மலைகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். தானாகப் பிடிக்கிற தீ அபூர்வம். பெரும்பாலும் மனிதக் கைதான். அணையாத பீடியும், அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்ட கேம்ப் ஃபயரும் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டுக்கும் ஒரு காலண்டர் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில் வருஷாவருஷம் மூடிவிடுகிறார்கள். அங்கே போனவர்கள் கேட் மூடியிருப்பதைப் பார்த்து முணுமுணுப்பார்கள். பிரசவ வார்டுக்குள் கும்பலாகப் போவோமா? அதுபோலத்தான். அந்தப் புல்வெளியும் சோலைக்காடும் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கொட்டக்குடி ஆறு ஓடுகிறது. அது வைகையோடு சேருகிறது. நம் பொழுதுபோக்குக்கு முன்னால் அந்த மலைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

குரங்கணிக்குப் பிறகு அரசும் சும்மா இருக்கவில்லை. 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகள். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று மலையேற்றத்தை நிறுத்தியும் வைத்தார்கள். ஆக, முறையாகப் போக வழி இருக்கிறது. அந்த வழியில் போகச் சொல்லித்தரும் ஆள்தான் நம் மாணவர்களுக்கு இல்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு டேங்க் பக்கத்தில் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் 'ஒர்க் பர்மிட்' வேண்டும். அந்தச் சீட்டு வெறும் கையெழுத்து இல்லை. என்ன வேலை, எந்த இடம், எத்தனை பேர், வாயு சோதனை செய்தாயா, தீயணைப்பானோடு ஒருவன் நிற்கிறானா, ஏதாவது ஆனால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினால்தான் சீட்டு. ஷிப்ட் முடிந்தால் சீட்டும் முடிந்தது. நிலைமை மாறினால் அங்கே நிற்கும் ஹெல்பர் கூட "நிறுத்துங்க சார்" என்று சொல்லலாம். மேனேஜர் அதற்குக் கோபப்படக் கூடாது. இதனால் நாங்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டோமா? இல்லை. தினமும் செய்கிறோம். மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம். மலையேற்றத்துக்கும் நமக்கு வேண்டியது இப்படி ஒரு சீட்டுதான்.

எனவே செயற்குழுவின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. அனுமதி உள்ள பாதை, அனுமதி உள்ள மாதம், வழிகாட்டியோடு மட்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு. யார் யார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எத்தனை மணிக்குமேல் ஆளைத் தேட வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்று விடுதியிலும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும். மலையில் சிக்னல் இருக்காது. தாள் பேசும்.

மூன்று. முதலுதவி, தீ, தண்ணீர், பாம்புக்கடி பற்றிய ஒருநாள் பயிற்சி முடிக்காதவருக்கு இடமில்லை. கயிறு கட்டிப் பாறை ஏறுவது, இறங்குவது போன்றவற்றை முதலில் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளரிடம் சமதளத்தில் பழக வேண்டும்.

நான்கு. "திரும்பலாம்" என்று குழுவில் ஒருவர் சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். முதலாமாண்டு மாணவி சொன்னாலும் சரி. அதற்காக அவரை யாரும் பிறகு கேலி செய்யக் கூடாது. இதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இளவயதில் உயிரைவிட மானம் பெரிதாகத் தெரியும், அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

ஐந்து. வழிகாட்டிக்கு உரிய கூலியில் பேரம் பேசக் கூடாது. பணமில்லாத மாணவனுக்கு அந்தக் கட்டணத்தைச் சங்கம் கொடுக்கட்டும். ஒரு வெள்ளிவிழாப் பந்தல் செலவில் பல வருஷத்துக்கு இதைச் செய்யலாம். பொருளாளர் அண்ணன் என்னை முறைக்கிறார், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குத் தம்பி போகணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் யாரோடும் பேசாத ஒரு பையன் இருந்தான். கிராமத்திலிருந்து வந்தவன், ஆங்கிலம் வராது என்று கூச்சம். மலையில் முதல் நாளே எல்லோரும் அவன் பின்னால் நடந்தார்கள். எந்தக் கல் ஆடும், எந்த மண் வழுக்கும் என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்த பிறகு வகுப்பில் அவன் குரல் மாறியது. அவனை அதற்குமுன் கவனிக்காத எங்கள் பார்வையும் மாறியது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று புத்தகத்தில் படித்தோம். ஸ்வெட்டரை எடுத்துப் போடும்போதுதான் அது புரிந்தது. தண்ணீர் பாட்டிலில் கடைசி அரை லிட்டரை ஐந்து பேர் பங்கு போட்டுக் குடித்ததற்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. ஆனால் அந்த ஐந்து பேரும் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் ஆபத்துக்கு ஓடி வருகிறோம்.

2018-இல் தீயில் சிக்கியவர்களைத் தேடி முதலில் மலையேறியவர்கள் குரங்கணிப் பக்கத்து மக்கள்தான். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, அதிரடிப்படை வீரர்கள் வந்தார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அதற்குமுன் இருட்டில் போர்வையில் டோலி கட்டி ஆட்களைச் சுமந்து இறக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக எரிந்துகொண்டிருந்த மலையில் ஏறினார்கள். நம் மாணவர்கள் மலைக்குப் போனால் அந்த மக்களைத் தெரிந்துகொண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டு, அவர்களுக்குச் சுமையாகாமல் போய் வர வேண்டும். இதைத்தான் நம் குழு சொல்லித்தர வேண்டும்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். வருஷத்தில் இரண்டு வாரக்கடைசிகளை நான் தருகிறேன். என்னோடு வர எங்கள் வகுப்பில் மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டவர், அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாலையில் செயற்குழு கூடும்போது இந்த மனுவைத் தள்ளிவைக்காமல் ஒரு முடிவு எடுங்கள். மறுப்பது என்றாலும் காரணத்தை எழுதி மாணவர்களிடம் கொடுங்கள். ஒப்புக்கொள்வது என்றால் வரும் டிசம்பரில் ஒரு எளிய பாதையில் பதினைந்து பேரோடு தொடங்கலாம். கிளம்புவது காலை 6 மணிக்கு, டிபன் பொட்டலத்தில்.